குதிரை முகாம்

குதிரை முகாம் என்பது குதிரைகளுடன் பயணம் செய்து, குதிரைகளுடனேயே திறந்தவெளியில் இரவு தங்கும் முறை ஆகும். பயணி குதிரை மீது ஏறிச் செல்லலாம்; அல்லது குதிரையின் மீது பொதியை ஏற்றிவிட்டுத் தான் உடன் நடந்து செல்லலாம். இரண்டும் குதிரை முகாம் என்றே கொள்ளப்படும். சாதாரண முகாமில் இருந்து இதனை வேறுபடுத்துவது கூடாரமோ தீமூட்டமோ அன்று. முகாம் எங்கே அமைய வேண்டும், எத்தனை நாள் நீடிக்கலாம், எந்தப் பாதையில் போகலாம் என்பவற்றை மனிதனின் வசதியை விடக் குதிரையின் தேவைகளே முடிவு செய்கின்றன என்பதே வேறுபாடு. குடிநீர், தீவனம், கட்டும் இடம், கால் வைக்கும் பாதை ஆகிய நான்கும் அத்தேவைகளுள் முதன்மையானவை.

வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இது ஒரு பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. தமிழ்நாட்டில் குதிரையுடன் தங்குதல் பெரும்பாலும் போர், வரி நிர்வாகம், மலையூர்களுக்குச் சரக்கு ஏற்றுதல், சந்தை ஆகிய தேவைகளை ஒட்டியே நிகழ்ந்து வந்துள்ளது. இக்கட்டுரையில் நடைமுறைக் கணக்குகளுக்கு எடுத்துக்காட்டாகச் சவ்வாது மலையில் (ஜவ்வாது மலை) உள்ள புதூர்நாடு கொள்ளப்படுகிறது.

சொல்

முகாம் என்பது அரபு மூலத்தைக் கொண்டு உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல். வருவாய்த்துறை அதிகாரிகள் சுற்றுப்பயணத்தில் இருக்கும்போது எழுதிய ஆணைகளில், ஊரின் பெயருக்கு முன் "முகாம்" என்று குறிப்பிடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பழந்தமிழில் இதற்கு நெருங்கிய சொல் பாசறை. படை தங்கிய இடத்தைக் குறித்த பாளையம் என்ற சொல் பின்னாளில் ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது.

சங்க இலக்கியத்தில் பாசறைக் குதிரைகள்

பத்துப்பாட்டில் இரண்டு நூல்கள் குதிரைகள் நிற்கும் பாசறையைக் காட்டுகின்றன. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில் காட்டை அழித்து அமைக்கப்பட்ட பாசறை விரிவாக வருணிக்கப்படுகிறது. உறக்கம் வராத அரசனின் நினைவில், அம்பு தைத்த புண்ணுடன் காதைச் சாய்த்துக்கொண்டு தீனி உண்ணாமல் நிற்கும் குதிரைகளும் வருகின்றன. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் அரசன் பாசறையைச் சுற்றி வரும்போது, சேணம் களையப்படாத குதிரைகள் சேற்றுத் தெருவில் மழைத்துளிகளை உதறிக்கொண்டு நிற்கின்றன.

இலக்கிய நயத்திற்கு அப்பால் இவை கூர்ந்த அவதானிப்புகள். தீனி மறுப்பதும் காது தளர்வதும் வலியின் அறிகுறிகள் என்று இன்றைய கால்நடை மருத்துவமும் கூறுகிறது. ஈரச் சேணத்தை இரவு முழுதும் களையாமல் விட்டால் முதுகுத்தோல் புண்ணாகும். போர் நெருக்கடியில் மட்டுமே அவ்வாறு விடுவார்கள் என்பதைப் பாட்டைக் கேட்டவர்கள் உணர்ந்திருக்க வேண்டும்.

தமிழகத்தில் குதிரை

தமிழகம் குதிரையை வளர்த்த நாடு என்பதை விடக் குதிரையை வாங்கிய நாடு என்பதே பொருந்தும். கடல்வழியே குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு, பாரசீகத் துறைகளில் இருந்து ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகள் இறக்குமதி ஆனதையும், அவற்றுள் பெரும்பாலானவை விரைவில் இறந்ததையும் எழுதியுள்ளார். சரியான பராமரிப்பு அறிந்தவர் இல்லாமையும், சோற்றுடன் இறைச்சியைச் சமைத்து ஊட்டியதும் அவர் கூறும் காரணங்கள். வணிகர்கள் தங்கள் வணிகம் குறையாதிருக்க லாடம் கட்டுவோரை இந்நாட்டுக்கு வரவிடவில்லை என்றும் அவர் கூறுகிறார். இது பயணியின் மிகையாகவும் இருக்கலாம். எனினும், இடம் மாறிய குதிரைக்குத் தீவனம் மாறுவதே முதல் ஆபத்து என்னும் செய்தி இதில் அடங்கியுள்ளது.

சமவெளியில் சரக்குப் போக்குவரத்துக்கு மாடுகளும் கழுதைகளுமே பயன்பட்டன. லம்பாடிகள் பொதிமாடுகளைக் கூட்டமாக ஓட்டிச் சென்று தானியமும் உப்பும் விற்றனர். குதிரை பெரும்பாலும் அரசன், படைவீரன், அதிகாரி ஆகியோரின் ஊர்தியாகவே இருந்தது. மலைப்பாதைகளில்தான் மட்டக்குதிரை என்னும் குட்டையான நாட்டுக்குதிரை சுமை விலங்காக இடம்பெற்றது.

பாராமகாலில் கூடார நிர்வாகம்

சவ்வாது மலையின் மேற்கு அடிவாரத்தில் உள்ள திருப்பத்தூர் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகால் பகுதியை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியிடம் விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீடு அதன் முதல் ஆட்சியராக அமர்த்தப்பட்டுத் திருப்பத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டார். அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய உதவியாளர்களுள் ஒருவர், பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரான தாமசு மன்றோ. 1792 முதல் 1799 வரை மன்றோ இப்பகுதியில் ஊர் ஊராகச் சென்று நிலங்களை அளக்கச் செய்து, உழவர்களை நேரில் கண்டு தீர்வையை முடிவு செய்தார். ரயத்துவாரி முறை உருவானது இப்பணியின் ஊடாகத்தான். அக்காலத்தில் இத்தகைய அதிகாரியின் அலுவலகம் கூடாரம், ஊர்தி குதிரை.

இம்முகாம்களுக்குத் தேவையான புல், விறகு, பால், சுமையாள் ஆகியவற்றை வழங்கும் பொறுப்பு அந்தந்த ஊரின் தலையில் விழுவதே அக்கால வழக்கு. குதிரை முகாம் என்றால் முகாமிடுபவரைப் பற்றி மட்டும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. புல் கொடுத்த ஊருக்கு அந்தப் புல் தன் மாட்டுக்கு உரியது.

கொடைக்கானல் குதிரைப்பாதை

மலை வாழிடங்களுக்குச் சாலை வருவதற்கு முன் குதிரைப்பாதையே வழி. அம்மையநாயக்கனூர் வழியாக 1875இல் இருப்புப்பாதை அமைந்த பின் கொடைக்கானல் செல்வோர் அங்கு இறங்கி, மாட்டுவண்டியில் மலையடிவாரத்தில் உள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்பை அடைவர். அங்கிருந்து செண்பகனூர் வழியாக ஏறத்தாழ 12 மைல் (19 கி.மீ.) ஏற்றம். மட்டக்குதிரையிலோ, ஆட்கள் தூக்கும் நாற்காலியிலோ, கால்நடையாகவோ இதனைக் கடந்தனர். 1914இல் மலைச்சாலை திறக்கப்பட்டபின் இப்பாதை தன் முதன்மையை இழந்தது.

ஆனால் பழனி மலைத்தொடரில் குதிரைகள் அத்துடன் மறையவில்லை. கொடைக்கானலுக்கும் பெரியகுளம் அருகேயுள்ள கும்பக்கரைக்கும் இடைப்பட்ட சரிவில் உள்ள வெள்ளகவி என்னும் சிற்றூர், சாலை எட்டாத காலம் முழுவதும் அரிசி, மளிகை, சிமெண்டு மூட்டை ஆகியவற்றைக் குதிரைகளின் மீதே பெற்று வந்தது. அங்கு விளைந்தவையும் குதிரை வழியாகவே கீழிறங்கின. திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகேயுள்ள லிங்கவாடி மலையூருக்குத் தேர்தல் நேரங்களில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரைகளில் கொண்டு செல்லப்பட்டுள்ளன. தருமபுரி மாவட்டம் கோட்டூர் மலைக்கு இதே பணியைக் கழுதைகள் செய்துள்ளன.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் குதிரை முகாம்களுக்கென்றே அமைந்த தங்குமிடங்கள் பல உள்ளன. குதிரை வண்டியைத் திருப்பும் அளவுக்கு அகன்ற நிறுத்துமிடம், தடுப்புவேலிக் கொட்டடி, நீர்த்தொட்டி, சாணக் குவியலுக்கான இடம், அங்கிருந்தே தொடங்கும் சவாரிப் பாதை ஆகியன அவற்றின் பொது அமைப்பு. 1968இல் தேசியப் பாதையாக அறிவிக்கப்பட்ட பசிபிக் மலைமுகட்டுப் பாதை மெக்சிகோ எல்லையில் இருந்து கனடா எல்லைவரை ஏறத்தாழ 4,265 கி.மீ. நீள்கிறது, இதில் நடப்பவர்களுக்கும் குதிரையில் செல்பவர்களுக்கும் இடமுண்டு. குதிரைகளுக்கு மலைப்பாதைகள் மூடப்படுவதை எதிர்த்தும், அதே வேளையில் பாதைகளைத் தாமே பழுதுபார்த்தும் வரும் குதிரைப் பயணிகளின் அமைப்பு 1973இல் மொன்டானா மாநிலத்தில் தொடங்கப்பட்டது.

ஆஸ்திரேலியாவில் 1988இல் திறக்கப்பட்ட இருநூற்றாண்டுத் தேசியப் பாதை குக்டவுனில் இருந்து ஹீல்ஸ்வில் வரை 5,330 கி.மீ. நீளமுடையது. பழைய கால்நடை ஓட்டுப் பாதைகளும் பொதிக்குதிரைத் தடங்களும் இதில் இணைக்கப்பட்டுள்ளன. இந்தியாவில் இராசத்தானில் மார்வாரிக் குதிரைகளில் பல நாட்கள் செல்லும் சுற்றுலாக்கள் நடைபெறுகின்றன. அங்கு கூடாரமும் தீவனமும் பெரும்பாலும் வாகனங்களில் முன்னதாகவே சென்றுவிடுவதால், குதிரை தன் சவாரியை மட்டுமே சுமக்கிறது.

சுமைக் கணக்கு

வாகனம் உடன் வராத மலையில் கணக்கு வேறு. ஒரு குதிரை தன் உடல் எடையில் ஏறத்தாழ 20 விழுக்காடு வரை சுமக்கலாம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. இதில் சேணத்தின் எடையும் அடங்கும். 250 கி.கி. எடையுள்ள மட்டக்குதிரைக்கு இது 50 கி.கி. மட்டுமே. எனவே வளர்ந்த மனிதர் ஒருவரைச் சேணத்துடன் அதன்மீது ஏற்றி மலையேற்றுவது முறையன்று. அதே குதிரை இருவருக்கான கூடாரம், பாத்திரம், உணவு ஆகியவற்றை எளிதாகச் சுமக்கும்.

தீவனத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குதிரைக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு வரை உலர்தீவனம் தேவை. நமது மட்டக்குதிரைக்கு இது 4 முதல் 5 கி.கி. ஆகும். நாளுக்கு 5 கி.கி. என்று கொண்டால் பத்து நாள் தீவனம் 50 கி.கி.; அதாவது குதிரையின் முழுச் சுமையும் அதன் தீவனமே. வழியில் மேய்ச்சலோ விலைக்குத் தீவனமோ கிடைக்காத இடத்தில் பத்து நாள் பயணம் செய்யும் குதிரை வேறெதையும் சுமக்காது. மூன்று நாள் பயணத்தில் 15 கி.கி. தீவனம் போக 35 கி.கி. எஞ்சும். பொதிச் சேணத்தின் எடையை இதிலும் கழிக்க வேண்டும். ஆகவே புதூர்நாடு போன்ற மலைப்பகுதிக்கு ஏற்றது, மனிதர் நடக்கக் குதிரை பொதி சுமக்கும் இரண்டு, மூன்று நாள் முகாமே ஆகும்.

புதூர்நாட்டில் நீரும் தீவனமும்

புதூர்நாடு திருப்பத்தூர் மாவட்டத்தில் சவ்வாது மலைமேல் உள்ளது. இதன் அண்டைப் பகுதிகளான நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகியவற்றைப் போலவே இங்கும் மலையாளி பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். (இப்பெயர் மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்குவது, கேரளத்துடன் தொடர்புடையதன்று.) சவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதி. இலையுதிர் காடுகளும் இடையிடையே சாமை விளையும் நிலங்களும் கொண்டது. மழைக்காலத்தில் ஓடும் ஓடைகள் பல கோடையில் வற்றிவிடும்.

குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 50 லிட்டர் வரை நீர் குடிக்கும். வெப்பமும் உழைப்பும் கூடினால் அளவும் கூடும். ஐந்து குதிரைகள் தலா 40 லிட்டர் குடித்தால் 200 லிட்டர். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊரகப் பகுதியில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வரையறுக்கப்பட்ட அளவு 55 லிட்டர். கோடையில் ஊர்க்குழாயை நம்பி முகாமிடும் ஐந்து குதிரைகள் ஏறத்தாழ நான்கு பேரின் நீரைக் குடிக்கின்றன என்று பொருள். பங்குனி, சித்திரை மாதங்களில் அங்குக் குதிரை முகாம் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். கார்த்திகை முதல் தை வரையுள்ள காலம் தகுந்தது.

தீவனத்தில் ஏற்படும் தவறுகள் உயிருக்கு ஆபத்தானவை. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. ஒவ்வாத தீனி வயிற்றில் தங்கிக் கடும் வயிற்றுவலியாக (சூலை) மாறும். மாடு தின்பதெல்லாம் குதிரைக்கு ஆகும் என்ற எண்ணமே பெரும்பாலான தவறுகளின் வேர். எடுத்துக்காட்டாக, தினைத்தாளை முதன்மைத் தீவனமாகத் தொடர்ந்து கொடுத்தால் குதிரையின் சிறுநீரகமும் மூட்டுகளும் கெடும். பூஞ்சணம் பிடித்த வைக்கோல் மாட்டை விடக் குதிரையை விரைவாகப் பாதிக்கும். ஆமணக்கு விதை, அரளி இலை ஆகியன சிறிதளவே உட்கொண்டாலும் கொல்லக்கூடியவை. மலைச்சரிவுகளில் அடர்ந்துள்ள உண்ணிச்செடியும் நச்சுத்தன்மை உடையது. எனவே புதர் ஓரத்தில் குதிரையைக் கட்டிவிட்டுச் செல்லலாகாது.

கொள்ளு தமிழ்நாட்டில் குதிரைக்கு மரபாக ஊட்டப்படும் தானியம். ஊறவைத்து வேகவைத்து, ஆறியபின் கொடுப்பர். பழக்கமில்லாத குதிரைக்கு முகாமின் முதல் நாளே மிகுதியாகக் கொடுத்தால் வயிற்றுவலியும் குளம்பழற்சியும் ஏற்படலாம். புதிய தீனியைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே சிறிது சிறிதாகப் பழக்குவதே முறை. களைவிதை கலந்த தீவனத்தையும் தவிர்க்க வேண்டும். குதிரை தின்ற விதைகள் பல சாணத்துடன் வெளிவந்து முளைக்கும். பார்த்தீனியம் போன்ற களைகள் ஒரு காட்டுக்குள் நுழைய இதுவும் ஒரு வழி.

கட்டும் முறைகள்

குதிரையை இரவில் எவ்வாறு கட்டுவது என்பதே முகாமின் கடினமான பகுதி. மரத்தில் நேரடியாகக் கட்டினால் குதிரை அலுப்பில் காலால் மண்ணைப் பறிக்கும், வேர் வெளிப்படும், பட்டையைக் கடிக்கும். ஓரிரு இரவுகளிலேயே ஒரு மரம் சாகும் அளவுக்குச் சேதமாகலாம்.

இதற்கு மாற்றாக உயர்கயிறு முறை பரிந்துரைக்கப்படுகிறது. இரண்டு உறுதியான மரங்களுக்கிடையே, குதிரையின் தலைக்கு மேல், ஏறத்தாழ 2 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் கயிறு இழுத்துக் கட்டப்படும். பட்டை அறுபடாமல் இருக்க மரத்தைச் சுற்றி அகன்ற பட்டைவார் இடப்படும். அக்கயிற்றில் இருந்து தலைக்கயிறுகள் தொங்கும். குதிரையின் மூக்கு தரைக்கு அருகே எட்டவேண்டும். ஆனால் கயிற்றுக்குள் கால் சிக்கும் அளவுக்கு நீளம் இருக்கலாகாது. ஒன்றையொன்று உதைக்காதபடி குதிரைகளுக்கிடையே 3 மீட்டர் வரை இடைவெளி விடுவர். மரங்களின் வேர்ப்பகுதி மிதிபடாமல் நடுப்பகுதியிலேயே கட்டுவது நல்லது. முடிச்சு இழுத்தவுடன் அவிழும் வகையாக இருக்க வேண்டும். கடிவாள வாரைக் கொண்டு ஒருபோதும் கட்டக்கூடாது. குதிரை மிரண்டு இழுத்தால் வாய் கிழியும்.

முளை அடித்து நீண்ட கயிற்றில் மேயவிடுதல், முன்னங்கால்களுக்குத் தளை இடுதல் ஆகியனவும் உண்டு. இரண்டுக்கும் குதிரைக்கு முன்பழக்கம் தேவை. தளையிட்ட குதிரை ஓடாது என்று நம்பக்கூடாது. பழகிய குதிரை தளையுடனேயே தாவித் தாவி நெடுந்தொலைவு போய்விடும்.

குதிரை நின்றபடியே கண்ணயரும் இயல்புடையது. எனினும் ஆழ்ந்த உறக்கத்திற்கு நாளொன்றுக்குச் சிறிது நேரமேனும் படுக்க வேண்டும். புதிய இடத்தில் முதல் இரவில் அது படுக்காமலே இருக்கக்கூடும். ஆகவே இரண்டாம் நாள் நடையைக் குறைவாக வைப்பது பட்டறிவு உள்ளவர்களின் வழக்கம். கரடியும் சிறுத்தையும் நடமாடும் காடுகளில் குதிரைகளின் காதைக் கவனித்தாலே போதும். மனிதருக்கு முன் அவை அறிந்துவிடும்.

பாதையும் முகாமின் தடமும்

லாடம் இட்ட குளம்பு மனிதக் காலடியை விட மண்ணை மிகுதியாகப் பெயர்க்கிறது. ஈரமான சரிவில் குதிரைகள் வரிசையாகச் சென்றால் அடுத்த மழையில் பாதையே ஓடையாகிவிடும். இதனால் குதிரைப் பாதைகள் நேர் ஏற்றமாக அன்றி வளைந்து வளைந்து ஏறுமாறு அமைக்கப்படுகின்றன. வளைவில் குறுக்குவழி பிடிப்பதே பாதை அழியத் தொடங்கும் இடம்.

நீர்நிலையில் இருந்து 60 மீட்டருக்கு அப்பால் குதிரைகளைக் கட்டவேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. ஓடைக்குள் இறக்கி நீர் காட்டுவதை விட வாளியில் முகந்து கொடுப்பது மேல். ஊரார் குடிக்க எடுக்கும் ஊற்றாக இருந்தால் இது கட்டாயம். புறப்படும் முன் சாணத்தை உதிர்த்துப் பரப்பி, பறிக்கப்பட்ட மண்ணை நிரப்ப வேண்டும். விளைநிலத்தின் அருகே முகாமிட்டால் சாணத்தை உழவர்களே விரும்பிக் கேட்டு வாங்கிக்கொள்வதும் உண்டு.

நோய்கள்

கிளாண்டர்சு என்பது பர்கோல்டேரியா மாலியை என்னும் பாக்டீரியாவால் உண்டாகும் நோய். மனிதருக்கும் தொற்றக்கூடியது. இந்தியாவில் இந்நோய் உறுதியான குதிரைகள் கருணைக்கொலை செய்யப்படுகின்றன. பொது நீர்த்தொட்டி வழியாக இது பரவும் என்பதால் ஒவ்வொரு குதிரைக்கும் தனி வாளி வைப்பது நலம். கடிக்கும் ஈக்களால் பரவும் சர்ரா நோயின் ஒட்டுண்ணியை 1880இல் கிரிஃபித் எவான்சு இந்தியாவில் கண்டறிந்தார். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் இளைப்பும் அதன் அறிகுறிகள். ஆணி குத்திய குளம்பின் வழியாக வரும் இசிவுநோய்க்குத் தடுப்பூசி உண்டு. அரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆய்வு மையம் இந்நோய்கள் குறித்த ஆய்வுகளை மேற்கொள்கிறது.

சட்ட நிலை

காப்புக்காடுகளில் இசைவின்றி நுழைவதும் கால்நடை மேய்ப்பதும் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். குதிரையும் இதற்கு விலக்கன்று. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததைத் தொடர்ந்து, அதே ஆண்டு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை மாநில அரசு வெளியிட்டது. எனவே காட்டுப்பாதையில் செல்ல வனத்துறையின் முன் இசைவு தேவை. ஊர் நிலத்தில் தங்குவதற்கு நிலத்திற்கு உரியவரின் இசைவும், நீர் எடுக்க ஊர்ப் பெரியவர்களின் இசைவும் பெறவேண்டும்.

அந்தியூர் சந்தை முகாம்

தமிழ்நாட்டில் மிகுதியான குதிரைகள் ஒரே இடத்தில் தங்கும் முகாமைக் காண விரும்புவோர் செல்லவேண்டிய இடம் ஈரோடு மாவட்டம் அந்தியூர். அங்குள்ள குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாவை ஒட்டிக் குதிரை, மாட்டுச் சந்தை கூடுகிறது. திப்பு சுல்தான் தன் படைக்கு இங்குக் குதிரை வாங்கினார் என்பது அப்பகுதியில் வழங்கும் மரபுச் செய்தி. கத்தியவாரி, மார்வாரிக் குதிரைகளும் நாட்டு மட்டக்குதிரைகளும் வருகின்றன. உரிமையாளர்கள் துணிப்பந்தல் இட்டு, குதிரைகளின் அருகிலேயே சமைத்து, அங்கேயே உறங்குவர். மேளத்திற்கேற்பக் குதிரையை ஆடச் செய்வோரைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். கட்டும் முறையையும் தீனி வைக்கும் முறையையும் அறிய விரும்புபவர்கள் விடியற்காலையில் பந்தல்களின் பின்புறம் செல்வது நல்லது.